பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் சூடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்டு டிஸ்க் சூடாகிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிடுவது. பல நேரங்களில் இதுவே சூட்டைக் கூட்டிவிடும். முகப்பு வழியாக நுழையும் காற்று டிஸ்க்குகளை உரசிக்கொண்டு பின்பக்கமாக வெளியேற வேண்டும் என்றுதான் அந்தப் பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் திறந்துவிட்டால் பின்பக்க விசிறி அந்தத் திறப்பிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் டிஸ்க்கைச் சுற்றிக் காற்று அசையாது. பின்பக்கத்தில் கூடுதல் கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகளின் மூடிகளைத் தொலைத்துவிட்டு அப்படியே விட்டுவைப்பதும் இதே வகைதான்.

உண்மையில் ஹார்டு டிஸ்க்குக்குப் பெரிய காற்று தேவையில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் 3.5 அங்குல டிஸ்க் வேலை செய்யும்போதுகூடச் செலவழிப்பது பெரும்பாலும் 10 வாட்டுக்குள்தான். மெதுவாகச் சுழலும் ஒரு முன்பக்க விசிறியே அதற்குத் தாராளம், காற்று டிஸ்க்கின் மேலும் கீழும் போக வழி இருந்தால். அந்த வழியைத்தான் நாம் அடைக்கிறோம். இடம் இருந்தும் இரண்டு டிஸ்க்குகளை அடுத்தடுத்த அறைகளில் செருகுகிறோம். நடுவே ஓர் அறையைக் காலியாக விட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் அகலமான பழைய ஐடிஇ கேபிளை விசிறிக்கு எதிரே திரைபோலத் தொங்கவிடுகிறோம். டிவிடி டிரைவுக்கான மேல் அறையில் டிஸ்க்கைப் பொருத்துகிறோம். அங்கே பெரும்பாலும் காற்றே போகாது.

தூசி துடைப்பவர்களும் உள்ளே மட்டும் துடைத்துவிட்டு முகப்பை மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றிப் பார்த்தால் அதன் பின்னால் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். சுத்தம் செய்து மாட்டியபின் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை முகப்புத் துளைகளின் அருகே பிடித்துப் பாருங்கள். அது உள்நோக்கி இழுபட வேண்டும். வெளிப்பக்கம் படபடத்தால் விசிறி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பல விசிறிகளின் சட்டத்தில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி உண்டு; அது இல்லையென்றால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு வேறொன்று. முன்பக்க விசிறியை மதர்போர்டில் செருகி, வேகத்தைத் தானியங்கியாக விட்டுவிடுவது. வழக்கமாக மதர்போர்டு பார்ப்பது பிராசஸரின் வெப்பத்தை. டிஸ்க்கின் வெப்பம் அதற்குத் தெரியாது. பெரிய கோப்புகளை மணிக்கணக்கில் நகலெடுக்கும்போது பிராசஸர் ஏறத்தாழ சும்மா இருக்கும், அதனால் விசிறியும் சோம்பலாகச் சுற்றும், டிஸ்க்கோ ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும். அந்த விசிறிக்கு மட்டும் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஒரு நிலையான வேகத்தை வைத்துவிடுவது நல்லது.

விரலால் தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவுசெய்யாதீர்கள். 45 டிகிரியே கைக்குச் சுடுவதுபோலத்தான் இருக்கும், டிஸ்க்குக்கு அது ஆபத்தல்ல. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள், டிஸ்க் தானே அளந்து சொல்லும் வெப்பத்தைக் காட்டும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பார்க்காமல், மூடிகளையெல்லாம் மாட்டி அரைமணி நேரம் நகலெடுக்க விட்டபின் பாருங்கள். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உச்ச வரம்பு 60 டிகிரி. அடிக்கடி 50-ஐத் தாண்டினால் நான் கேபினெட்டைத் திறந்து காற்று போகும் வழியைச் சரிபார்ப்பேன். 40 சொச்சத்தில் இருந்தால் தலையிட மாட்டேன்.

இன்னும் குளிர்ந்தால் இன்னும் நல்லது என்பதும் தவறான எண்ணமே. கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், குளிர்ச்சியான டிஸ்க்குகள் குறைவாகப் பழுதாகின்றன என்ற முடிவு கிடைக்கவில்லை. வெப்பத்தின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது மிக அதிக சூட்டிலும், வயதான டிஸ்க்குகளிலும்தான். எப்படியும் விசிறியால் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

டிஸ்க்கின் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு ஒட்டுபவர்கள், ‘மூடாதீர்கள்’ என்று குறிப்பிட்ட சிறு துளையை அடைத்துவிடக் கூடாது. உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாவது அதன் வழியாகத்தான். டிஸ்க் சுழலும்போது அதைக் கையில் எடுத்துத் திருப்பி இடம் மாற்றுவதும் கூடாது.

வெப்பத்தைப் பார்த்த அதே மென்பொருளில், பழுதான செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், விசிறி வாங்கப் போகாதீர்கள். சூட்டைக் குறைத்தாலும் அந்த டிஸ்க் சரியாகாது. முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.