யார் கையெழுத்து, யார் உடம்பு: நர்ஸ் வேலையிலிருந்து மருத்துவ அறவியல் மேற்படிப்புக்கு

பென்னாகரம் பக்கத்தில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வேன் வந்தது. வரிசையில் நிற்க வைத்து எங்கள் பல்லைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு சின்ன பாட்டிலைக் கொடுத்து சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை, எனக்கும் உண்டு. தலைமை ஆசிரியர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார், வேன் கிளம்பிவிட்டது. அந்தப் பாட்டிலில் என்ன தெரிந்தது என்று எங்கள் வீட்டுக்கு இன்றுவரை ஒரு வரிகூட வரவில்லை.

பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத்தான் பயோஎத்திக்ஸ், அதாவது மருத்துவ அறவியல் மேற்படிப்பில் சேர்ந்தேன். முதல் மாதமே, ஆய்வில் பங்கேற்றவருக்கு அதன் முடிவைத் திருப்பிச் சொல்லும் கடமை பற்றி ஒரு பாடம். பெங்களூரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேன் கண்முன் வந்து நின்றது. இந்தப் படிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மனதில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு சம்பவத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்காக, எனக்கு உதவியதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று ஒதுங்கிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு வக்கீல், ஒரு பிசியோதெரபிஸ்ட், தத்துவம் படித்த ஒருவர், இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். மங்களூருவில் யெனெபோயா பல்கலைக்கழகத்தில் அறவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பயோஎத்திக்ஸ் பிரிவு பெங்களூருவில் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அந்த வருடத்துத் தகுதி, கட்டணம், நேரில் வர வேண்டிய நாட்கள் மூன்றையும் நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

சேர்வதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள். வேலையில் பார்த்து, வீட்டுக்கு வந்தும் மறக்க முடியாமல் போன ஒரு சம்பவத்தை அதில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் பாடப்புத்தகத்து வார்த்தைகள் முந்திக்கொண்டு வரும், நடந்தது பின்னால் போய்விடும்.

நான் எழுதியது இது. தளி பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுபவர், கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக வந்திருந்தார். கட்டிலில் முழு நினைவோடு படுத்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் வராண்டாவில் நின்ற அவருடைய கணவர். பேனாவை நீட்டியது நான். மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது அந்த அம்மா என்னைக் கேட்டார், "உள்ளேயிருந்து எதை எடுத்தீங்க?"

இதை முதல் தடவை எழுதியபோது "நோயாளி அறியாமையால் கேள்வி கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆசிரியர் அதைச் சுழித்து, "இது நடந்ததா, உங்கள் தீர்ப்பா?" என்று ஓரத்தில் எழுதினார். யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மா கேள்வி கேட்டார், தெலுங்கில் கேட்டார். நாங்கள் தமிழில் "ஒண்ணும் பயப்படாதீங்க" என்றோம். நடந்தது அவ்வளவுதான். "அறியாமை" என்பது நான் ஒட்டிய சீட்டு. உங்கள் பக்கத்தையும் ஒவ்வொரு வரியாக இப்படிச் சலித்துப் பாருங்கள். பார்த்தது, கேட்டது ஒரு பக்கம், நீங்கள் நினைத்தது இன்னொரு பக்கம். மேற்படிப்பில் மதிப்பெண் பெரும்பாலும் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

அப்புறம் படிக்க வேண்டியவை. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி நெறிகளில் தொடங்குங்கள். நம் நாட்டுச் சூழலுக்காக எழுதப்பட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும் என்பதும், குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தால் பெற்றோரின் ஒப்புதலோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. அதைப் படித்த அன்று எங்கள் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை மறுபடி நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு உலகம் வகுத்த அடிப்படை ஆவணங்கள்: 1947ன் நூரம்பர்க் நெறிகள், மொத்தமே பத்துதான். 1964ல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம், 1979ன் பெல்மாண்ட் அறிக்கை. எதுவும் நீளமில்லை. கூடவே இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ். 1993ல் மும்பையில் தொடங்கிய இதழ் அது, படிக்கப் பணம் கட்ட வேண்டாம்.

டஸ்கிகி பாடத்தைச் சீக்கிரம் கடந்துவிடாதீர்கள், முக்கியமாக நர்ஸ்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வு அது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய். பென்சிலின் வந்து அது குணமாகும் என்று தெரிந்த பிறகும் மருந்து கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் டாக்டர்களைப் பற்றியே பேசினார்கள். நான் யூனிஸ் ரிவர்ஸ் பற்றி எழுதினேன். அவர் அந்த ஆய்வில் கடைசிவரை வேலை பார்த்த கறுப்பின நர்ஸ். அந்த ஆண்களைத் தன் காரில் பரிசோதனைக்குக் கூட்டிப்போனவர், வீட்டு விசேஷம் வரை தெரிந்தவர். ஊர் அவரை நம்பியது, அந்த நம்பிக்கையில்தான் ஆய்வு நாற்பது வருடம் நீடித்தது. அன்பாக இருந்துகொண்டே ஒருவரால் தீங்குக்குத் துணைபோக முடியும் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேனாவை நீட்டிய கை எனக்கும் இருந்தது.

அங்கேயே நின்றுவிடாமல் இந்தியாவுக்கும் வாருங்கள். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009ல் நடந்த, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்காகப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். 2010ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. சமீரா கோலி வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படியுங்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயைக் கேட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு திரும்பி முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காகத் தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். தலைமை ஆசிரியர், விடுதிக் காப்பாளர், கணவர், தாய். ஒவ்வொரு வழக்கையும் படிக்கும்போது இந்த ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதினேன்: யார் கையெழுத்து, யார் உடம்பு? ஆய்வுக்கட்டுரைத் தலைப்பு கடைசியில் அந்த ஓரக் குறிப்புகளிலிருந்துதான் கிடைத்தது.

ஆங்கிலம் கடினம்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து எட்டு பக்கம் படிப்பேன். மாதம் ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு பஸ்ஸில் போகும்போது, சூளகிரி தாண்டுவதற்குள் அந்த வாரம் படித்ததை ஒரு பத்தியாகத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வராத இடத்தில் நான் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். "ஆட்டானமி" என்ற சொல்லுக்குத் தன்னாட்சி என்று எழுதிவைத்து இரண்டு வாரம் தடுமாறினேன். அம்மாவிடம் விளக்கிப் பார்த்தபோது, "அவளைக் கேக்காம அவ வயித்துல கை வைக்கக் கூடாது, அதானே?" என்றார். எனக்கு அன்றுதான் அந்தப் பாடம் முடிந்தது.

தன் முடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கோட்பாடுகள் எல்லாப் பாடத்திட்டத்திலும் வரும். சம்பவத்தை நான்கு பெட்டியில் போட்டு நிரப்பிவிட்டு விடை எழுதியாயிற்று என்று நினைக்காதீர்கள். இரண்டு கோட்பாடுகள் மோதும் இடத்தைக் காட்டி, உங்கள் சாய்வு எந்தப் பக்கம், ஏன் என்று எழுத வேண்டும். நான்காவதான நீதியைப் பலரும் கடைசி இரண்டு வரியில் தள்ளிவிடுகிறார்கள். நம் மாவட்டத்துக்காரர் அப்படிச் செய்யக் கூடாது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கியது. அதற்கு முன்பே போர் தண்ணீர் குடித்து வளைந்த எலும்பு பிறகு நிமிராது. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நடப்பதை மட்டும் பார்த்தால், நல்ல தண்ணீர் யாருக்கு எப்போது கிடைத்தது என்ற இந்த நீதிக் கேள்வி கண்ணிலேயே படாது.

தர்மபுரி என்றதும் வெளியூர் மாணவர்கள் பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கேட்பார்கள். கோபப்படாமல் அதையே பாடமாக்குங்கள். வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கியது, 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. பெயர் சொல்லாமல் விட்டுப்போகும் தாயின் ரகசியத்துக்கும், பின்னாளில் தன் பிறப்பைத் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளையின் உரிமைக்கும் நடுவில் என்ன செய்வது? நான் வகுப்பில் கேட்டபோது ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

ஆய்வுக்கட்டுரைக்குக் களத்தில் இறங்குவதற்கு முன், ஆய்வு அறநெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி கையில் இருக்க வேண்டும். தகவல் சேகரித்துவிட்டுப் பிறகு வாங்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ என்றால் அந்தந்தத் துறையின் அனுமதி தனி. இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள், எனக்கு ஐந்து மாதம் ஆனது. நீங்கள் கவனித்துக்கொள்ளும் நோயாளியையே பேட்டி எடுக்க வேண்டாம். ஊசி போடும் கை கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? நான் வேறு வட்டாரத்துக்குப் போய்ப் பதினெட்டுப் பெண்களிடம், கருத்தடை ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்திட்டபோது என்ன புரிந்திருந்தது என்று கேட்டேன். தகவல் தாளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தயாரித்து, வேறொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்தேன். அப்படிச் செய்தபோதுதான் ஒன்று தெரிந்தது. "விருப்பப்பட்டால்" என்று நான் எழுதியிருந்தது திரும்பி வரும்போது "தேவைப்பட்டால்" என்று மாறியிருந்தது.

பெயரை மறைப்பது நம் பக்கத்தில் போதாது. அஞ்செட்டி அருகே மலைக் கிராமம், மூன்று பெண் பிள்ளைகள், கணவர் பெங்களூருவில் கட்டிட வேலை என்று எழுதினால் பெயரே வேண்டாம், பஸ் கண்டக்டர் கண்டுபிடித்துவிடுவார். ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை, தொழில், மாதம் இவற்றில் வாதத்துக்குத் தேவையில்லாததை எடுத்துவிடுங்கள் அல்லது மாற்றுங்கள், மாற்றியதாகக் கட்டுரையில் சொல்லுங்கள். மேலே நான் எழுதிய தளி அம்மாவின் விவரத்திலும் இரண்டை மாற்றியிருக்கிறேன்.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்ததும் வேலை முடியாது. கண்டறிந்ததை ஒரே பக்கத்தில், மருத்துவச் சொல் இல்லாமல் எழுதி, பேட்டி கொடுத்தவர்களிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்ட வேண்டும். இதற்கான பஸ் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், கூட்டம் போட்டால் யார் யார் பேசினார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நான் போன முதல் நாள் சந்தை நாளாக அமைந்துவிட்டது, பதினெட்டில் நான்கு பேரைத்தான் பார்க்க முடிந்தது. மற்றவர்களுக்காக இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன்.