உட்கார்ந்தே இருப்பவரை எழுப்ப, ஃபோன் கோல் வரும் நேரம்

உங்கள் செயலியின் நினைவூட்டலை மணிக்கொரு தடவை அடிக்க விடாமல், கோல் வரும்போது மட்டும் "எழும்பி நின்று கதையுங்கோ" என்று காட்டச் செய்யுங்கள்.

மட்டக்களப்புக் கடையொன்றில் கணக்கெழுதுபவர், பாதிக் கூட்டலில் வரும் அறிவிப்பை விரலால் தள்ளிவிடுவார். கோல் வந்தால் பேனையை எப்படியும் வைக்கத்தான் வேண்டும். கதிரையைப் பின்னுக்குத் தள்ள அதுதான் தருணம். இலேசான அசைவும் பயன்தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. ஆண்ட்ராய்டில் கோல் வருவதை அறிய ஃபோன் நிலை அனுமதி போதும். கோல் பட்டியலைத் தயவுசெய்து கேட்காதீர்கள், சனம் பயந்து செயலியையே அழித்துவிடும்.

மருதமுனையில் தறியில் இருப்பவருக்கு இது சரிவராது. கை ஓயாது, ஃபோன் எட்டத்தில் கிடக்கும். வாகனம் ஓடும்போது இந்த நினைவூட்டலைக் கட்டாயம் நிறுத்தி வையுங்கள்.