பாப்பாவை அழைத்துவர இந்தியா போகிறவர்களுக்கு

நாங்கள் இருவரும் நியூஜெர்சியில் இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை, கையில் ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை. எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, என் கணவருக்குக் கரூர். எங்கள் மகளோ நாக்பூர்க்காரி. அங்கே ஒரு காப்பகத்திலிருந்து ஒரு வயது ஒன்பது மாதத்தில் எங்களிடம் வந்தாள். தத்தெடுக்க நினைக்கும் தமிழ்த் தம்பதிகள் அடிக்கடி எனக்குப் போன் செய்து எப்படிப் போனீர்கள், எத்தனை நாள் ஆனது என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "தெரிந்த நர்ஸ் இருக்கிறார், ஆஸ்பத்திரியிலேயே குழந்தை கிடைக்கும்" என்று ஊரில் யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2019-இல் இராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதான செய்தி நினைவிருக்கும். அது தத்து இல்லை, குழந்தை விற்பனை. சொந்தக்காரர் குழந்தையையே பத்திரம் எழுதித் தத்தெடுத்தாலும், அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்து அமெரிக்க விசா வாங்க முடியாது. இரண்டு நாடுகளும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இருப்பதால், டெல்லியில் உள்ள காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையம் வழியாகத்தான் போக வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், காரா அனுமதித்த ஏஜென்சி ஒன்றில் ஹோம் ஸ்டடி (நம் வீட்டையும் நம்மையும் பார்த்து எழுதும் அறிக்கை) முடித்து, தத்தெடுக்க நாம் தகுதியானவர்கள் என்று அமெரிக்க அரசிடம் ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ விண்ணப்பம் போட வேண்டும். அந்த ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும். காராவில் தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85-ஐத் தாண்டக் கூடாது, நான்கு வயது வரை 90. எங்களுக்குப் பதிவு செய்த அன்று 79. குழந்தையின் விவரம் வந்ததும் 96 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விவரம் வந்த பிறகு மருத்துவரைத் தேடினால் நேரம் பறந்துவிடும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களாகிய நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் எனக்கு இனிஷியல். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயரே குடும்பப் பெயர். காராவில் பதியும்போது பழக்கத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டேன். ஹோம் ஸ்டடியில் முழுப் பெயர் இருந்தது. கடைசிக் கட்டம் வரை அது யார் கண்ணிலும் படவில்லை. அப்புறம் பிரமாணப் பத்திரம், நோட்டரி, திருத்தம் என்று பதினோரு நாள் போனது. அந்தப் பதினோரு நாளும் அவள் காப்பகத்தில் இருந்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எல்லாத் தாளிலும் இருக்கட்டும்.

டிக்கெட்டை எப்போது போடுவது? காராவின் தடையில்லாச் சான்று வந்ததுமே கை பரபரக்கும். பொறுங்கள். மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை (2022 செப்டம்பருக்கு முன் இதை நீதிமன்றம் தந்தது), தத்து ஹேக் ஒப்பந்தப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, உங்கள் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று இன்னும் நான்கு படி இருக்கிறது. பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று காப்பகம் சொன்ன பிறகு போடுங்கள். திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். நாங்கள் 24 நாள் ஒதுக்கினோம்.

அந்த 24 நாளில் குறைந்தது ஐந்து நாளைக் காப்பகத்துக்கே வைத்துவிடுங்கள். நான் இவ்வளவு எழுதுவதே இதைச் சொல்லத்தான். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கு நாம் யார்? அங்கே பார்த்துக்கொள்ளும் பெண்களை 'மாவ்ஷி' என்பார்கள். மராத்தியில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. அவளுக்குத் தெரிந்த உலகமே அந்த மாவ்ஷிகள்தான்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் மாவ்ஷியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "நகோ" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். நான் தூக்கப் போகவில்லை. என் கணவர் தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தார், அவள் பக்கம் பார்க்காமலே. இரண்டு நாளும் அதுதான். மூன்றாம் நாள் ஸ்பூன் கைதவறி உருண்டு போனது. அவள் ஓடிப்போய் எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். நான்காம் நாள் மாவ்ஷியும் எங்களோடு தங்கும் இடத்துக்கு வந்து, அவளுக்குச் சோறு ஊட்டி, தூங்கவைத்துவிட்டுப் போனார். காப்பகத்திடம் கேளுங்கள், முடிந்தால் ஏற்பாடு செய்வார்கள்.

போகும் முன் குழந்தையின் மொழியில் பத்து வார்த்தையாவது படித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர், பால், வா, வலிக்கிறதா, பயப்படாதே. தூக்கத்தில் அழும் குழந்தைக்குத் தமிழில் எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும் அது புதுச் சத்தம்தான். மாவ்ஷியின் தாலாட்டைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அவள் போர்த்திக்கொள்ளும் துணியைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் எடுத்து வாருங்கள். யார் பக்கத்தில் படுப்பாள், விளக்கு எரியுமா, சோறு எவ்வளவு குழைய வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வரண்-பாத் என்றார்கள். பார்த்தால் நம் பருப்பு சாதம்தான், கொஞ்சம் வெல்லம் சேர்த்து. மாவ்ஷி அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விடைபெற வேண்டும். அவள் தூங்கும்போது நழுவிப் போவது வேண்டாம். அழுவாள், அழட்டும்.

அடுத்து டெல்லி. தத்து விசா அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில்தான். அதற்கு முன் தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் பரிசோதனை முடிய வேண்டும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்குக் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் உண்டு, அதற்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக வையுங்கள். ஹோட்டலைவிடச் சமையலறையோடு கூடிய வாடகை வீடு மேல்.

"ஊருக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். நாங்கள் போகவில்லை. முப்பது பேர் மாற்றி மாற்றித் தூக்கினால், இவர்கள்தான் அம்மா அப்பா என்று ஒரு குழந்தைக்கு எப்படிப் புரியும்? மாமியார் மட்டும் கரூரிலிருந்து டெல்லிக்கு வந்தார். இரண்டு நாள் அவளை நோக்கிக் கையே நீட்டவில்லை. ரசம் வைத்துக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் அவளே போய் மடியில் உட்கார்ந்தாள். அத்தைக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விமானத்தில் இரண்டு வயதுக்குட்பட்டால் மடியில் வைத்துக்கொள்ளலாம். பதினைந்து மணி நேரப் பயணம், தனி இருக்கையே வாங்குங்கள். பயணத்துக்கு நடுவில் இரண்டு வயது முடிகிறதென்றால் திரும்பும்போது இருக்கை கட்டாயம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடிக்கவிட்டால் காது அடைக்காது. தூதரகம் ஒட்டிய உறை ஏதும் தந்தால் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். நெவார்க்கில் இறங்கியதும் குடிவரவு அதிகாரிகள் தனி அறைக்கு அனுப்பினார்கள், வழக்கமான நடைமுறைதான். கார் சீட்டை நண்பர் யாரையாவது விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்குத் தரும் ஐஎச்-3 விசாவில் வந்து இறங்கியதுமே குழந்தை அமெரிக்கக் குடிமகள். சான்றிதழ் தபாலில் வரும். அதனால் அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்து, ஓசிஐ எடுத்த பிறகே அடுத்த ஊர்ப் பயணம். காராவுக்கு இரண்டு வருடத்தில் ஆறு அறிக்கை போக வேண்டும்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நடுராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வாள், பசிக்கும். பருப்பு சாதத்தைக் குழைய வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். கொஞ்சம் வெல்லமும்.