ஊட்டிக் குளிரில் லித்தியம்: நடுக்கத்தைக் குறைத்த வழி

இருமுனைக் கோளாறுக்கு (மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் பைபோலார் நோய்) லித்தியம் மாத்திரை எடுப்பதில் வயிற்றுப் புரட்டல் எளிதில் தீர்ந்தது: மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன், அவ்வளவுதான்.

கை நடுக்கத்துக்கு முதலில் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்கணும். முந்திக் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். தொடர் சிகிச்சையில் வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். அளவு சரியாக இருந்தும் விரல் நடுங்கினால் டீயைக் குறைக்கலாம் (அதிலுள்ள கஃபீனும் நடுங்க வைக்கும்), ஆனால் மெதுவாக. நம் மலையில் நாள் முழுக்க டீதானே! ஒரேயடியாக நிறுத்தினால் சிறுநீரில் லித்தியம் வெளியேறுவது குறைந்து ரத்தத்தில் ஏறிவிடும்.

மேட்டுப்பாளையம் இறங்கினால் வெயிலில் உப்பும் நீரும் வியர்வையாகப் போகும். உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கையில் இருக்கட்டும். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். மேடு ஏறி முழங்கால் வலித்தால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், அவையும் அளவை ஏற்றும். பாராசிட்டமால் போதும்.

தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை. வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் லித்தியம் அளவு மீறியிருக்கலாம்; அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.