சூளகிரி வருவதற்குள் ஓர் ஆல்பம்: பிக்ஸீஸ் கேட்பது எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. பிக்ஸீஸ் குழுவின் 'டேம்' என்ற பாட்டை பஸ்ஸில் கேட்கும்போது, பாடுகிறவர் கிசுகிசுக்கிறாரே, எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லையே என்று போனில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். நான் கூட்டினேன். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டி ஓசூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த நொடி அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தினார். நானும் 'ஐயோ' என்று கத்தி இயர்போனைப் பிடுங்கினேன். பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஊரில் ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, பாட்டு" என்றேன். கையை விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

காவேரிப்பட்டணத்திலிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். கிருஷ்ணகிரி வரை டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம், அங்கிருந்து ஓசூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்த அமெரிக்க ராக் குழுவை முழுதாகக் கேட்டு முடித்தது இந்தச் சாலையில்தான். அதனால் வழிமுறையையும் பஸ் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள், நாலே பேர்தான். 1986-ல் பாஸ்டன் நகரத்தில் தொடங்கிய குழு. பிளாக் பிரான்சிஸ் பாட்டு எழுதிப் பாடுகிறவர். ஜோயி சான்டியாகோ கிட்டார், டேவிட் லவரிங் டிரம்ஸ், கிம் டீல் பேஸ் கிட்டார், அதாவது அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார். கிம் டீல் வந்து சேர்ந்த கதை எனக்குப் பிடித்தமானது. பேஸ் வாசிக்க ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். காது கிழியும் வேகத்தில் வாசிக்கும் ஹஸ்கர் டூ குழுவும் பிடிக்க வேண்டும், சாந்தமான நாட்டுப்புறப் பாட்டுக் குழுவான பீட்டர், பால் அண்ட் மேரியும் பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வந்தவர் இவர் ஒருவர்தான். கையில் பேஸ் கிட்டார் இல்லை. அதுவரை அதை அவர் வாசித்ததும் இல்லை. அந்த விளம்பரத்தை மறக்காதீர்கள். கூச்சலும் சாந்தமும் ஒரே ஆளுக்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்களே, அவர்கள் பாட்டு முழுக்க அதுதான்.

ஆண்டு வரிசைப்படி கேட்காதீர்கள். 1989-ல் வந்த 'டூலிட்டில்' ஆல்பத்தில் தொடங்குங்கள். பதினைந்து பாட்டு, முப்பத்தெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கிருஷ்ணகிரி பஸ் நிலையம் தாண்டியதும் போட்டால் சூளகிரிக் குன்றுகள் கண்ணில் படும்போது முடியும். பாட்டுகள் ஏன் இவ்வளவு குட்டி என்று தோன்றும். தயாரிப்பாளர் கில் நார்ட்டனுக்கும் அதே கவலை இருந்தது; கொஞ்சம் நீட்டலாமே என்றார். பிரான்சிஸ் அவரை இசைத்தட்டுக் கடைக்கு அழைத்துப்போய், பழைய ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டுத் தொகுப்பை எடுத்துக் காட்டினார். எல்லாம் இரண்டு நிமிடத்தை ஒட்டிய பாட்டுகள். பேச்சு அதோடு முடிந்தது.

முதல் சுற்றில் எதையும் ஆராய வேண்டாம், ஓடவிடுங்கள். இரண்டாம் சுற்றில்தான் வேலை. பாட்டு அடங்கும் இடங்களில் யார் வாசிப்பதை நிறுத்தினார், யார் தொடர்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். 'கவுஜ் அவே' இதற்கு நல்ல பாடம். வரி பாடும்போது கிட்டார் ஒதுங்கிக்கொள்ளும்; பேஸும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து விழுவார்கள். மெதுவாகத் தொடங்கிச் சத்தமாக வெடிப்பது இவர்கள் அடையாளம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனும், தன் மிகப் புகழ்பெற்ற பாட்டைப் பிக்ஸீஸைக் காப்பியடிக்கப் பார்த்துத்தான் எழுதியதாக 1994-ல் பேட்டியில் ஒப்புக்கொண்டார். ஆனால் வெடிப்பதை யாரும் செய்துவிடலாம். அடங்கும்போது பாட்டு படுத்துவிடாமல் நிற்கிறதே, அதைத்தான் கேட்க வேண்டும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அப்பா. அவர் பம்பைக்காரர். வெண்கலம் ஒன்று, மரம் ஒன்று என இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்பது வருடம் மாரியம்மன் திருவிழாக்களுக்கு அடித்தவர். பூசாரி உடுக்கையைத் தட்டிக்கொண்டு தணிந்த குரலில் வர்ணிப்புப் பாடும்போது அப்பா பம்பையைத் தொடமாட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு சொல்லில் பூசாரி தலையை அசைப்பார், பம்பை இறங்கும், எங்கோ ஒரு பெண்ணுக்கு அருள் வரும். நிறுத்தத் தெரியாதவனுக்குப் பாதிக் கூலி போதும் என்பார் அப்பா. 'டேம்' பாட்டை அவர் காதில் வைத்தபோது கத்தலுக்கு அவர் அசையவே இல்லை. "அடியில் ஒன்று போகிறதே, அது யார்?" என்றார். கிம் டீல். அந்தப் பாட்டில் தொடக்கம் முதல் கடைசி வரை அதே சிறு சுற்றைத்தான் வாசிக்கிறார். மேலே ஒருவர் கிசுகிசுத்தாலும் அலறினாலும் அவர் சுற்று மாறாது. "கெட்டிக்காரப் பெண்" என்று இயர்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

இளையராஜா பாட்டில் பேஸைத் தேடிப் பழகிய காது உங்களுடையது என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அங்கே பேஸ் ஓடி விளையாடும். கிம் டீலிடம் அந்த அலங்காரத்தைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று சுரங்களை ஆணி அடிப்பதுபோல் அடிப்பார், அவ்வளவுதான். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டும். போனில் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மேடு பள்ளம் இல்லாவிட்டால் இந்தக் குழுவில் கேட்க ஒன்றும் இல்லை.

அடுத்து விரலால் தொடையில் தட்டி எண்ணிப்பாருங்கள். நாலு நாலாக அடங்கும் என்று நினைத்த இடத்தில் ஓர் அடி குறையும், அல்லது ஒரு சுற்று கூடும். பிரான்சிஸுக்கு இது பழக்கம்; பாட்டை எடுத்த இடத்திலேயே தடுக்கி விழவைப்பார். 'மிஸ்டர் கிரீவ்ஸ்' ஆடி அசைந்து தொடங்கும், பிறகு குதிரைபோல் ஓடும். நடத்துநர் டிக்கெட் கேட்டால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். எனக்கு இதில் வசவு கிடைத்திருக்கிறது.

இப்போது பின்னால் போங்கள். 1988-ன் 'சர்ஃபர் ரோசா'. ஸ்டீவ் அல்பினி பதிவு செய்தது. பாஸ்டனில் பத்தே நாளில், சுமார் பத்தாயிரம் டாலரில் முடித்தார்கள். அல்பினி 1,500 டாலர் கூலி வாங்கிக்கொண்டு, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று போய்விட்டார். இதைக் கேட்டபோது அப்பா, "ராத்திரிக் கூலி வாங்கிக்கொண்டு போகிற ஆள், நம் ஆள்தான்" என்றார். இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் ஓர் அறைக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும்; எதிரொலி மெஷினில் செய்ததாக இருக்காது. 'ஜைகான்டிக்' கிம் டீல் பாடியது. 'வேர் இஸ் மை மைண்ட்?' பாட்டில் பின்னால் ஊளைபோல் மிதக்கும் அவர் குரலை, இயற்கையான எதிரொலிக்காகக் குளியலறையில் பதிவு செய்தார்கள். கரீபியன் கடலில் முக்குளித்தபோது ஒரு குட்டி மீன் துரத்தியதில் பிரான்சிஸுக்குப் பிறந்த பாட்டு அது. 1999-ல் 'ஃபைட் கிளப்' படத்தின் முடிவில் வந்த பிறகுதான் பலருக்கு இந்தக் குழுவே தெரியும். எனக்கும் அப்படித்தான்.

அதற்கும் முந்தைய 'கம் ஆன் பில்கிரிம்', 1987. எட்டே பாட்டு, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி டவுன் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும். பிரான்சிஸின் அப்பாவிடம் வாங்கிய ஆயிரம் டாலரில் மூன்று நாளில் பதிவு செய்த பாட்டுகளிலிருந்து எடுத்தவை. 'வாமோஸ்' இதிலும் உண்டு, 'சர்ஃபர் ரோசா'விலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அறை மாறினால் பாட்டு என்ன ஆகிறது என்பதை இதைவிட எளிதாக யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

வரிகளுக்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று ஸ்பானிஷ் வரும். பிரான்சிஸ் கல்லூரி நாள்களில் போர்ட்டோ ரிக்கோவில் தங்கியவர். எங்கள் பக்கத்தில் வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும், கோபம் வந்தால் கன்னடமும் சேரும். அதனால் எனக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. பெயர்களையும் நம்பாதீர்கள். பெங்களூர் நடைபாதையில் நான் வாங்கிய எம்பி3 சிடியில் பெயர்கள் தாறுமாறாக இருந்தன. 'ஹே' பாட்டை இரண்டு வருடம் வேறு பெயரில் அழைத்தேன். ஒரு குறையும் வந்துவிடவில்லை.

1990-ன் 'போசனோவா'வை இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது கேளுங்கள். கடலலை கிட்டார் இசை என்று அமெரிக்காவில் ஒரு பழைய வகை உண்டு, கிட்டார் நனைந்ததுபோல் கேட்கும். அது இதில் நிறைய. முதல் பாட்டான 'சிசிலியா ஆன்' அந்த வகையில் வேறொரு குழுவின் பாட்டு, குரலே கிடையாது. 1991-ன் 'ட்ராம்ப் லெ மோன்ட்' முரட்டு ஆல்பம். கிம் டீலின் குரல் இங்கே ஒதுக்கப்பட்டுவிட்டது, அது எனக்கு உறுத்தும். குழுவுக்குள் அப்போதே விரிசல். 1993 தொடக்கத்தில் பிரான்சிஸ் குழு கலைந்ததாக வானொலியில் சொல்லிவிட்டார். சான்டியாகோவுக்குப் போனில் சொன்னார். மற்ற இருவருக்கும் ஃபேக்ஸ்தான் போனது.

2004-ல் மறுபடி சேர்ந்தார்கள். 2013-ல் கிம் டீல் விலகினார். அதன் பிறகு 2014-ன் 'இண்டி சின்டி'யில் தொடங்கிப் பல ஆல்பங்கள் வந்துவிட்டன. அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு நாலு பாட்டு போதும். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டு அடங்கும் இடத்தில் காதை வையுங்கள்: முன்பு வெறுமையாக விட்டிருப்பார்கள், இப்போது எதையாவது போட்டு நிரப்பியிருக்கிறார்கள். 2022-ன் 'டாக்கரெல்' கொஞ்சம் தேவலாம். அதைப் போட்டுவிட்டு நான் வழக்கமாகத் தூங்கிவிடுவேன். ஓசூர் வந்ததும் நடத்துநர் சீட்டுக் கம்பியைத் தட்டி எழுப்புவார்.