நான்கு நாடுகளின் கல்வித் தகுதியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஒப்பிடும் முறை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலைப் பற்றி யார் பேசினாலும் வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகிய பெயர்கள் வந்துவிடுகின்றன. அந்நாடுகளின் கூலியையும் சுங்க வரியையும் விரிவாகப் பேசுகிற நாம், அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமரும் வயதில் இருப்பவர்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள், இங்கே எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று கேட்பது அரிதாகவே இருக்கிறது. இந்தக் கேள்விக்கான விடை ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இருக்கிறது. எக்செல் தாளில் கூட்டலும் வகுத்தலும் செய்யத் தெரிந்த கல்லூரி மாணவர் எவரும் அதைத் தாமே கணக்கிட்டு எடுக்க முடியும் என்பதால், முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: வயதை முடிவு செய்தல்

நாம் தேடுவது எழுத்தறிவு விகிதம் அன்று. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம் என்பது, 7 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களின் பங்கு. அவர்கள் எந்த வகுப்பு வரை முடித்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. கல்வித் தகுதி என்பது ஒருவர் முடித்த மிக உயர்ந்த நிலை. பள்ளியிலோ கல்லூரியிலோ இன்னும் படித்துக்கொண்டிருப்பவரைக் கணக்கில் சேர்த்தால், குழந்தைகளும் இளைஞர்களும் அதிகமுள்ள நாடு கல்வியில் பின்தங்கியதாகத் தவறாகத் தோன்றும். முதியோரைச் சேர்த்தாலோ ஐம்பதாண்டுக்கு முந்தைய பள்ளிகளின் நிலையும் விடையில் கலந்துவிடும். ஆகவே 25 முதல் 34 வயது வரையுள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆண்டுகளைப் பொருத்துதல்

இந்தியாவில் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நம் பக்கத்தில் 2011தான் அடிப்படை. வங்கதேசத்துக்கு 2011, இலங்கைக்கு 2012, வியட்நாமுக்கு 2009 ஆகிய கணக்கெடுப்புகள் அதற்கு நெருக்கமானவை. வங்கதேசம் 2022இலும் வியட்நாம் 2019இலும் மீண்டும் கணக்கெடுத்திருக்கின்றன என்றாலும், அந்த எண்களை அப்படியே நம் 2011 எண்ணுக்கு அருகில் வைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி. புதிய கணக்கெடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் வயதை நகர்த்துங்கள். 2011இல் 25 முதல் 34 வயதில் இருந்தவர்கள் 2019இல் 33 முதல் 42 வயதினர். இருபத்தைந்துக்குப் பிறகு பெரும்பாலோரின் கல்வித் தகுதி மாறுவதில்லை என்பதால், ஒரே காலத்தில் பிறந்தவர்களை இப்படி ஒப்பிடுவது செல்லும்.

இந்தியாவுக்கு நீங்கள் பதிவிறக்க வேண்டியது, கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் மாநில, மாவட்ட வாரியாகக் கிடைக்கும் சி-8 அட்டவணை. வயதும் பாலும் பிரித்துக் கல்வி நிலையைத் தரும் இந்த அட்டவணையில் 25-29, 30-34 ஆகிய வரிசைகளைக் கூட்டினால் நமக்கு வேண்டிய வயதுத் தொகுதி கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: நிலைகளைச் சமப்படுத்துதல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். ஒருவர் படியாலும் இன்னொருவர் வள்ளத்தாலும் அளந்த நெல்லை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாதது போலவே, 'இடைநிலை முடித்தவர்' என்ற பெயர் இரண்டு நாட்டு அட்டவணைகளிலும் இருப்பதால் மட்டும் அவை ஒன்றாகிவிடா. ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை ஆண்டுப் படிப்பு என்று ஒரு தனித் தாளில் எழுதுங்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் 5, 10, 12 ஆகிய ஆண்டுகளில் படிகள் உண்டு. வியட்நாமில் தொடக்கக் கல்வி 5 ஆண்டு, கீழ் இடைநிலை 9ஆம் வகுப்போடு முடியும், மேல் இடைநிலை 12இல் முடியும். இலங்கையில் தொடக்கக் கல்வி 5 ஆண்டு, சாதாரண தரத் தேர்வு 11ஆம் தரத்திலும் (வகுப்பிலும்) உயர்தரத் தேர்வு 13ஆம் தரத்திலும் வருகின்றன.

இந்தத் தாளை எழுதி முடித்ததும் ஓர் உண்மை தெளிவாகும். நம் வீடுகளில் பெரிதாக மதிக்கப்படும் பத்தாம் வகுப்புக்கு வங்கதேசத்தைத் தவிர மற்ற இரண்டு நாடுகளில் நேரான இணை இல்லை. வியட்நாமில் அந்த இடத்தில் படியே கிடையாது. ஐந்தாம் வகுப்பு நான்கிலும் சரியாகப் பொருந்துகிறது. பள்ளிப்படிப்பின் முடிவு, அதாவது நம் பிளஸ் டூ, இலங்கையில் ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தாலும் ஓரளவு பொருந்துகிறது. எனவே இவ்விரண்டு எல்லைகளை மட்டும் ஒப்பிட்டு, பத்தாம் வகுப்பை விட்டுவிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. யுனெஸ்கோவின் 2011ஆம் ஆண்டு சர்வதேசக் கல்வி வகைப்பாட்டில் ஒவ்வொரு நாட்டின் படிகளும் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாட்டுக்குள்ளும் அளவு மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. வியட்நாமிலும் வடக்கே பத்தாண்டுப் பள்ளிமுறையும் தெற்கே பன்னிரண்டாண்டு முறையும் முன்பு இருந்தன. கோபியிலோ தாராபுரத்திலோ உள்ள ஒரு பாட்டனாரின் எஸ்.எஸ்.எல்.சி.யும் பேரனின் எஸ்.எஸ்.எல்.சி.யும் அட்டவணையில் ஒரே கட்டத்தில்தான் விழும். நாம் இளைய வயதினரை எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: கணக்கிடுதல்

முறை விளங்குவதற்காக மட்டும், 25-34 வயதில் 1,000 பேர் உள்ள ஒரு கற்பனை ஊரைச் சி-8 வடிவில் எழுதிக்கொள்வோம். எழுத்தறிவற்றோர் 80, கல்வி நிலை இல்லாத எழுத்தறிவுடையோர் 20, தொடக்கக் கல்வி முடிக்காதோர் 60, தொடக்கக் கல்வி 140, நடுநிலை 190, பத்தாம் வகுப்பு 200, மேல்நிலை 130, பட்டயமும் சான்றிதழும் 40, பட்டமும் அதற்கு மேலும் 135, வகைப்படுத்தப்படாதோர் 5.

'ஐந்தாம் வகுப்பு மட்டும் முடித்தோர்' என்று எடுக்காமல், 'ஐந்தாம் வகுப்பேனும் முடித்தோர்' என்று மேலிருந்து கூட்டி வாருங்கள்: 140, 190, 200, 130, 40, 135 சேர்ந்து 835. வகைப்படுத்தப்படாத 5 பேரை நீக்கி 995ஆல் வகுத்தால் 83.9 சதவீதம். அட்டவணையில் 'எழுத்தறிவுடையோர்' நெடுவரிசை கண்ணில் முன்னால் நிற்பதால் தொடக்கநிலையினர் பலரும் அதனால் வகுத்துவிடுகிறார்கள். அப்படி 920ஆல் வகுத்தால் 90.8 வந்துவிடும். எழுத்தறிவற்ற 80 பேரை மறந்ததால் வந்த உயர்வு அது. அவர்களில் பெண்களே மிகுதி என்பது நம் நாட்டு அட்டவணைகளைப் பார்த்தால் தெரியும். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக இதே கணக்கைப் போடுவதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

மேல்நிலை எல்லைக்கு 130உம் 135உம் சேர்ந்து 265, அதாவது 26.6 சதவீதம். பட்டயக்காரர் 40 பேரைச் சேர்த்தால் 30.7. பத்தாவதுக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தவரும், எட்டாம் வகுப்புத் தகுதியோடு சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் சேர்ந்தவரும் இந்தத் தொகுப்பில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டு விடைகளையும் வெளியிடுங்கள்.

ஐந்தாம் படி: தனிநபர் தரவுக்குச் செல்லுதல்

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ஐபம்ஸ் சர்வதேசத் தொகுப்பில் பதிவு செய்தால் பல நாடுகளின் தனிநபர் மாதிரித் தரவு இலவசமாகக் கிடைக்கும். கல்வித் தகுதியை நாடுகளுக்கிடையே ஒப்பிடும்படி நான்கு நிலைகளாக ஒத்திசைத்த மாறியும் (நெடுவரிசையும்) அதில் உண்டு. ஆனால் அந்த மாறி, தொடக்கக் கல்வி ஆறாண்டு என்ற அளவை இயன்றவரை பின்பற்றுகிறது. நம் நான்கு நாடுகளிலும் அது ஐந்தாண்டு. ஆகவே ஒவ்வொரு நாட்டுக்குமான விளக்கக் குறிப்பைப் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அங்குள்ள இந்தியத் தரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்று, தேசிய மாதிரி ஆய்வு. மாதிரித் தரவு எதுவாயினும் எடைமதிப்பு நெடுவரிசையை, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்ணை, பெருக்காமல் கூட்டக் கூடாது.

ஆறாம் படி: நம் மாவட்டத்தைச் சேர்த்தல்

நாட்டு எண்களுக்கு அருகில் திருப்பூரை வைக்க விரும்பினால் இரண்டு செய்திகள் நினைவில் இருக்கட்டும். திருப்பூர் மாவட்டம் 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. 2001ஓடு ஒப்பிட வேண்டுமெனில், 2011இன் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றையும் கூட்டி, 2001இன் கோவை, ஈரோடு இரண்டின் கூட்டலோடு ஒப்பிடுங்கள். அடுத்ததாக, கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது, படித்த இடத்தில் அன்று. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைப்பவர்களின் கல்வியும் திருப்பூர் எண்ணில் அடங்கியிருக்கிறது. ஆகவே அட்டவணையின் தலைப்பில் 'திருப்பூர் மாவட்டத்தில் வசிப்போரின் கல்வித் தகுதி' என்று எழுதுங்கள். அதன் கீழே கணக்கெடுப்பு ஆண்டு, வயது, வகுத்த எண், பட்டயக்காரரை எங்கே வைத்தீர்கள் ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள்.