‘நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தமிழ் வாசகர்கள் பலருக்குப் புத்தகக் கடை எட்டும் தூரத்தில் இல்லை. ஊரில் கிளை நூலகம் இருக்கலாம். ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மற்றபடி கோயம்புத்தூருக்கு இறங்கும்போது வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் தபாலில் வரவழைக்க வேண்டும். அதனால் இந்த மலையில் ஒரு வாசகர் இன்னொருவரிடம் வாயால் சொல்லும் பரிந்துரைக்கு எடை அதிகம். கோத்தகிரியிலோ பந்தலூரிலோ வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் படிக்கும் ஒருவர் உங்கள் ஒரு சொல்லை நம்பிக் காசு செலவழிக்கிறார், புத்தகம் வரும்வரை காத்திருக்கிறார். அது அவருக்கு ஒத்துவராவிட்டால் போவது காசு மட்டுமில்லை. ‘இதெல்லாம் நமக்குப் புரியாதுங்க’ என்று தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். படிப்பதை விட்டவர்கள் பலரிடம் பேசிப் பாருங்கள், தவறான நேரத்தில் கைக்கு வந்த ஒரு புத்தகம் அந்தக் கதையில் இருக்கும்.

முதல் தவறு, கேட்ட உடனே பதில் சொல்வது. ‘அக்கா, ஏதாவது நல்ல புக்கா சொல்லுங்க’ என்று ஒரு பெண் கேட்ட மாத்திரத்தில் நம் வாயில் ஒரு தலைப்பு வந்து நிற்கும். அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். ‘எந்த மாதிரி புக் பிடிக்கும்?’ என்று திருப்பிக் கேட்பதும் பெரிதாக உதவாது. பெரும்பாலானவர்கள் ‘எதுனாலும் சரிங்க’ என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியா முழுசா படிச்சு முடிச்சது எது? பாதியில விட்டது எது?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் அதிகம் சொல்லும். பாதியில் விட்டதற்குக் காரணம் மொழியா, நீளமா, சோகமா, எழுத்தின் அளவா என்று அவரே சொல்லிவிடுவார். புத்தகமே படித்ததில்லை என்றால் என்ன படம் பார்த்தார், வீட்டில் யார் கதை சொல்வார்கள் என்று கேட்கலாம். எப்போது படிக்கிறார் என்பதும் முக்கியம். கொழுந்து பறித்துவிட்டு வந்து சமையலையும் முடித்துவிட்டுப் படிப்பவருக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்கு நடுவே படிப்பவருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டு நமக்கானவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டையும் அவர் தனித்தனி விதிகளாக வைத்ததைக் கவனியுங்கள். பரிந்துரைக்கும்போது நாம் பின்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நமக்குப் பிடித்த நூலுக்கு ஆள் தேடுகிறோம். எதிரே நிற்பவருக்கு நூல் தேடுவது வேறு வேலை. நான்காவது விதியும் உண்டு, வாசகரின் நேரத்தைச் சேமி என்று. மலையில் பகல் முழுக்க உடம்பால் உழைப்பவரைப் பொறுத்தவரை அதைப் பெரிய விதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒட்டியது அடுத்த தவறு. நம்மைப் புரட்டிப்போட்ட நூலையே எல்லோருக்கும் முதல் நூலாகக் கொடுப்பது. அந்த நூலுக்கு வந்து சேர்வதற்கு முன் நாம் எத்தனையோ படித்திருப்போம். அந்தப் படிகள் நமக்கு மறந்துவிடுகின்றன. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981-இல் வந்தது. கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளரின் வாழ்க்கையையும் நாட்குறிப்பையும் கொண்டு நகரும் நாவல் அது. கதை என்ற பழக்கமான கயிறு அதில் கிடையாது. பல நாவல்களைப் படித்துவிட்டு வருபவருக்கு அது பெரிய திறப்பு. முதல் நாவலாகக் கையில் எடுப்பவரைப் பத்தாம் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். அதே எழுத்தாளரின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் தொடங்கினால் அவர் ஒருநாள் ஜே.ஜே.யிடமும் வந்து சேரலாம். எழுத்தாளரை மாற்ற வேண்டியதில்லை, வாசலை மாற்றினால் போதும்.

இனி, இந்த மலையில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். ‘நீங்க எஸ்டேட்ல இருக்கீங்க, எஸ்டேட் நாவல் படிங்க. உங்க கதைதான்!’

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். முதலில் அந்த நூலின் உண்மையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டம் என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் ‘எரியும் பனிக்காடு’. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கியது. பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை. அதன் களம் ஆனைமலை, வால்பாறைப் பக்கம். காலம் வெள்ளைக்காரர் ஆட்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி அழைத்துப்போன மக்களின் கதை. இன்று குன்னூரில் சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்து, பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயியின் கதை வேறு. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறியவர்களின் கதை அதனினும் வேறு. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்டது 5,25,000 பேரை. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணிலிருந்து பெயர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளையிடம் வால்பாறை நாவலைக் கொடுத்து ‘உங்க கதை’ என்றால், அவருடைய வரலாற்றையே நாம் அழித்துவிடுகிறோம். அவருக்கு நெருக்கமான எழுத்து வேண்டுமென்றால் சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் என்று இலங்கை மலையகத் தமிழ் எழுத்துக்கே ஒரு பெரிய வரிசை இருக்கிறது. நம் வாசகர் வட்டங்களில் அது இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தன் வீட்டுத் துயரத்தை மறுபடி படிக்க அவர் விரும்புகிறாரா? தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த ஒரு பையன் வானியல் பற்றிப் படிக்க ஆசைப்படலாம். துப்பறியும் கதை கேட்கலாம். சோழர் காலம் கேட்கலாம். ‘உனக்கு ஏத்தது இதுதான்’ என்று அவன் பிறந்த இடத்துக்கே அவனைத் திருப்பி அனுப்புவது பரிந்துரை ஆகாது.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் வந்த, படுகர் வாழ்க்கையைத் தலைமுறைகளாகத் தொடரும் முக்கியமான நாவல். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியின் கால அளவு அதன் அடியில் ஓடுகிறது. தானியம் விளைந்த மண்ணுக்குத் தேயிலையும் பணமும் வந்து சேரும்போது ஒரு சமூகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். சமவெளியிலிருந்து வருபவருக்கு இந்த மலையை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியாது. ஒரு படுகர் நண்பரிடம் கொடுக்கும்போது மட்டும் ‘உங்களுக்குக் கண்டிப்பா பிடிக்கும்’ என்று சொல்லாதீர்கள். எழுதியவர் வெளியிலிருந்து வந்து இங்கே வாழ்ந்து, பழகி, பார்த்து எழுதியவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தன் மக்களைப் பற்றி இன்னொருவர் எழுதியதை அவர் உரிமையோடு எடை போடட்டும். அவர் சொல்லும் மறுப்பு, நம் பாராட்டைவிட அந்த நூலைப் பற்றி நமக்கு அதிகம் கற்றுத்தரும்.

மொழியை மறந்துவிடுவதும் இங்கே நடக்கும் தவறுதான். வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் வீடுகள் ஏராளம். அவர்களுடைய தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் புத்தகத் தமிழ் வழியாக வந்த தமிழ். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ போன்ற வட்டார வழக்கு நாவல் கரிசல்காட்டில் வளர்ந்தவருக்குப் பாட்டி பேசுவதைப் போலக் கேட்கும். இவர்களுக்கோ நாலு வரிக்கு ஒரு சொல் தடுக்கும். கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ‘முதல் முப்பது பக்கம் சில சொல் புரியாது, விட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க, தானா பிடிபடும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கி.ரா.வே தொகுத்த கரிசல் வழக்குச் சொல்லகராதி ஒன்று இருப்பதையும் சொல்லலாம். தடுமாற்றம் தன்னுடைய குறை இல்லை என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தொடர்ந்து படிக்கிறார்கள்.

கதையைச் சொல்லிவிடுவது எல்லோரும் அறிந்த தவறு. முடிவைச் சொல்லாவிட்டாலும், ‘அந்த நூத்தி இருபதாம் பக்கத்துல ஒண்ணு வரும் பாருங்க’ என்று சொன்னால் போதும், அவர் அந்தப் பக்கத்தையே எதிர்பார்த்துப் படிப்பார். ஆனால் கதையைக் காப்பாற்ற நினைத்து, சொல்லியே ஆக வேண்டியதை மறைப்பதும் தவறு. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நமக்குப் பக்கத்துக் காடு, சத்தியமங்கலம் மலைப்பகுதி. வீரப்பன் தேடுதல் காலத்தில் பழங்குடி மக்கள் பட்ட சித்திரவதைகள் அதில் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன, பெண்கள் மீதான வன்முறை உட்பட. எல்லோரும் படிக்க வேண்டிய நூல் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ‘இதுல இப்படி இருக்கு, மனசு தாங்கும்போது எடுங்க’ என்று சொல்லாமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது. என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டாம், எப்படிப்பட்ட வலி இருக்கிறது என்று சொன்னால் போதும்.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் விடுவது சின்னதாகத் தெரியும், செலவு வைப்பது அதுதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சிலவற்றில் எழுத்து மிகச் சிறியது, சிலவற்றில் தாள் மெலிதாக மறுபக்கம் தெரியும், சுருக்கப் பதிப்புகளும் உண்டு. அறுபதைத் தாண்டியவருக்குச் சொல்லும்போது எழுத்தின் அளவைப் பார்த்துச் சொல்வது மரியாதை. மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத பரிந்துரை அரைப் பரிந்துரைதான். அச்சில் இல்லாத நூலைச் சொல்லி ஆசை காட்டுவதும் வேண்டாம். கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பத்துப் பெயர் கொண்ட பட்டியல் கொடுக்காதீர்கள். ஒன்று சொல்லுங்கள். மிஞ்சினால் இரண்டு, அதில் ஒன்று மெல்லியதாக இருக்கட்டும்.

கேட்காதபோது நம் பிரதியைக் கையில் திணிப்பதும் பாரம்தான். கொடுத்த புத்தகம் கடனாகிவிடுகிறது. படிக்காமல் நம் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, நம்மைக் கண்டால் வேறு பாதையில் போகும் நிலைகூட வரும். மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். கூடலூர், பந்தலூரில் ஜூன் மாதம் தொடங்கினால் சுவரெல்லாம் ஈரம். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை. இரவல் புத்தகம் பூஞ்சை பிடித்துத் திரும்பினால் நட்பே கசக்கும். கொடுப்பதானால், ‘வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க, ஈரத்தோட பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி வைக்காதீங்க’ என்று சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்தே ஆக வேண்டிய புத்தகத்தை இரவல் கொடுக்காமலே இருப்பது இருவருக்கும் நல்லது.

கொடுத்த பிறகு ‘படிச்சாச்சா?’ என்று பார்க்கும்போதெல்லாம் கேட்காதீர்கள். அவராகவே பேச வரும்வரை பொறுங்கள். வந்து ‘பிடிக்கலீங்க’ என்றால், அந்த நூல் ஏன் உயர்ந்தது என்று வாதாடத் தொடங்குவதுதான் கடைசித் தவறு, எல்லாவற்றிலும் மோசமானதும்கூட. அந்த நொடியில் அவர் தன் ரசனையை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ‘எந்த இடத்துல நிறுத்தினீங்க?’ என்று கேளுங்கள். பேர்கள் குழம்பிப்போய் நிறுத்தியிருந்தால் அடுத்து ஆட்கள் குறைந்த குறுநாவல். சோகம் தாங்காமல் நிறுத்தியிருந்தால் பயணமோ காடோ பற்றிய கட்டுரை நூல். நேரமே கிடைக்கவில்லை என்றால் ஓர் இரவில் ஒன்று என்று படிக்கக்கூடிய சிறுகதைத் தொகுப்பு, அதிலும் எந்தக் கதையில் தொடங்கலாம் என்று பக்க எண்ணோடு.